அந்தக் குரல் வேணாம்

பாட்டுப் பண்ணிக்கொண்டு வந்து "எப்பிடி இருக்கு?" என்று கேட்பவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. "நானா, பிழை இருந்தா ஒளிக்காமச் சொல்லுங்க" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் முகம் தொங்கிவிடும். பிறகு வீதியில் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார்கள். போகட்டும். நல்லாயில்லாததை நல்லாயிருக்கு என்று சொல்ல எனக்கு வாய் வளையாது.

கற்பிட்டியில் எனக்கு ஒரு கடை. ஸ்பீக்கர், மைக், மிக்சர் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பேன். பள்ளிவாசல் பயான் பிரசங்கத்துக்கும் நான்தான், கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கும் நான்தான். "வெள்ளிக்கிழமை இங்க, ஞாயிற்றுக்கிழமை அங்க, மறுமையில எங்க நானா?" என்று பள்ளிவாசல் வாசலில் வைத்துக் கேலி பண்ணுவார்கள். கரண்ட் எங்க இருக்கோ அங்க என்பேன். கடைக்குப் பின்னால் சின்ன அறை ஒன்று இருக்கிறது. சுவரில் பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டி, ஒரு கம்ப்யூட்டர் வைத்து, சனங்கள் வீட்டில் பதிந்துகொண்டு வரும் பாட்டுகளை அங்கேதான் திருத்திக் கொடுப்பேன்.

எனக்குக் காது பொல்லாத காது. தொண்ணூறில் இயக்கம் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது நான் கைக்குழந்தை. "ஒண்டும் கொண்டுபோக விடல்ல. இவன்ட காதை மட்டும்தான் அவனுகள் செக் பண்ணல்ல" என்று உம்மா சொல்லிச் சிரிப்பா. அந்தக் காதை வைத்துத்தான் இவ்வளவு காலமும் சோறு தின்கிறேன். காதுக்குப் பக்கத்தில் இருக்கும் வாய்தான் சரியில்லை என்பாள் என் மனைவி. ஒன்று பிடிக்கவில்லை என்றால் முதலில் நாக்கால் ஒரு 'ச்சு' போடுவேன், பிறகு 'வேணாம்' என்பதை நீட்டிச் சொல்வேன். அவள் வைத்த கறிக்கும் அதேதான். அந்த 'ச்சு'வைக் கேட்டால் கரண்டியால் எறியத் தோன்றுகிறது என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

போன வருசம் ஆடி மாதம், தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, அவன் வந்தான். தலவிலைக்கு இந்தப் பக்கம் ஒரு மீன்பிடிக் கரை, அங்கே கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் கடலுக்குப் போனவர். இவன் போகவில்லை. நுரைச்சோலைப் பக்கம் மாதச் சம்பள வேலை. அந்தச் சம்பளத்தில் கீபோட், மைக், கம்ப்யூட்டர் எல்லாம் வாங்கி வீட்டில் வைத்திருந்தான். ஸ்திரி போட்ட சேட்டு, கழுத்தில் பெரிய ஹெட்போன். கடைக்குள் வந்து கதிரையில் உட்காரும்போதும் அதைக் கழற்றவில்லை.

"நானா, அன்னம்மாவுக்கு ஒரு பாட்டு. மிக்சிங் எல்லாம் நானே செய்தன். ஒருக்காக் கேட்டு உங்கட கருத்தைச் சொன்னா நல்லம்" என்றான்.

கதையையும் அவனே சொன்னான். பாட்டை எழுதியதும் மெட்டுக் கட்டியதும் பாடியதும் அவனுடைய மனைவி. அவர்களுக்கு ஒரே பிள்ளை, பெண் பிள்ளை. நாலு வயதாகியும் வாய் திறக்கவில்லை. காது கேட்கிறது, எல்லாம் விளங்குகிறது, பேச்சு மட்டும் இல்லை. கொழும்புக்கும் கொண்டுபோய்க் காட்டியாயிற்று. கடைசியில் மனைவி தலவில அன்னம்மாளிடம் போய் நேர்த்தி வைத்தாள். பிள்ளை பேசினால், தன்னுடைய குரலில் ஒரு பாட்டுப் பாடித் திருநாளுக்குக் காணிக்கையாகத் தருவேன் என்று. குரல் கேட்டால் குரல் தருவேன் என்பதுதான் அவள் வைத்த நேர்த்தி. பிறகு ஒரு நாள் காலையில் ரொட்டி விற்கும் பாண்காரனின் முச்சக்கரவண்டி வாசலில் வந்து நின்றபோது, பிள்ளை வெளியே ஓடிப்போய் அவன் சொன்னதை அப்படியே அவன் தொனியிலேயே சொல்லியிருக்கிறது. "பாண், பாண், சூடான பாண்." தாய் அடுப்படியிலேயே விழுந்து அழுதாளாம்.

"இப்பவும் அப்பிடித்தான் நானா. தானாக் கதைக்கிறது குறைவு. ஆராவது சொன்னதைப் பிடிச்சு வச்சிருந்து அவங்களைப் போலவே சொல்லுவாள். பாதரைப் போலவும் சொல்லுவாள்" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவனை நல்ல தகப்பன் என்றுதான் நினைத்தேன்.

பாட்டைப் போட்டேன்.

அட றப்பே! முதலில் கோயில் மணி. பிறகு கடல் அலை. கடலோரத்தில் வீடு, யன்னலைத் திறந்தால் அலை உள்ளே வரும், இவன் இன்டர்நெட்டில் எந்த நாட்டுக் கடலையோ இறக்கிப் போட்டிருந்தான். அதன் மேல் புல்லாங்குழல், வயலின், கல்யாண வீட்டு ரிதம். இவ்வளவு சாமானையும் தூக்கிப் பார்த்தால் அடியில் எங்கேயோ ஒரு பெண் பாடுகிறாள். அடுக்களையிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு ஆண் குரல் வந்து நின்றுகொண்டிருந்தது. அவள் ஒரு வரி பாடினால் அதே வரியைப் பின்னாலேயே இழுத்துப் பாடியது. சுருதியில் நிற்கவில்லை. ஆனால் நல்ல சத்தம். அது யாருடைய குரல் என்று நான் கேட்கவில்லை, கதிரையில் இருந்தவனின் கால் தாளம் போட்டதிலேயே விளங்கிவிட்டது.

பாட்டு முடிந்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்கட பொஞ்சாதிட குரலை மட்டும் தனிய அனுப்புங்க. கேட்டுட்டுச் சொல்றன்" என்றேன். மற்றதெல்லாம் எப்பிடி நானா என்றான். கேட்டுட்டுச் சொல்றன் என்று மறுபடியும் சொன்னேன்.

அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் குரலை மட்டும் அனுப்பியிருந்தான். கடைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. படித்த குரல் இல்லை. மூச்சு எடுப்பது கேட்கிறது, ஒரு இடத்தில் எச்சில் விழுங்குவதும் கேட்கிறது. 'என் பிள்ளை வாயில் ஒரு சொல் வை தாயே' என்று ஒரு அடி வரும். அந்த 'சொல்'லுக்கு முன்னால் அவள் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனாள். யாரும் சொல்லிக்கொடுத்து அப்படி நிற்க முடியாது. அந்த இடைவெளியில் தூரத்தில் பிள்ளை ஏதோ உளறுவது கேட்டது. நான் திரும்பத் திரும்ப அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியும் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, "இந்தப் புள்ளைட குரலுக்கு மேலயா அவன் அவ்வளவு குப்பையையும் கொட்டினான்?" என்றாள்.

அவளுடைய நம்பர் என்னிடம் இருந்தது. கோயில் பாட்டுக்குழுவுக்கு மைக் கேட்டு ஒருமுறை அவளே கோல் எடுத்திருந்தாள். பாடியவள் அவள், நேர்த்தி அவளுடையது, கருத்தை அவளுக்கே அனுப்பிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

"என்ன வேலை பாக்கிறீங்க? அடுத்தவன் பொஞ்சாதிக்கு வொய்ஸ் அனுப்பப் போறீங்களா?" என்றாள் என் மனைவி. "புருசனுக்கு அனுப்புங்க. அவன் சொல்லிக்குவான். ஊர் வாயில விழாதீங்க."

அவள் சொன்னது சரிதான். எங்கள் கரையில் முஸ்லிம்கள் என்றாலும் கத்தோலிக்கர் என்றாலும் அதுதான் முறை. ஒரு வீட்டுப் பெண்ணுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த வீட்டு ஆணிடம் சொல்வோம். நல்லதும் அப்படித்தான் போகும், கெட்டதும் அப்படித்தான் போகும். நான் புருசனுக்கே வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்ப அழுத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் அசருக்கு, பின்னேரத் தொழுகைக்கு, பாங்கு சொல்லி அழைக்க ஆரம்பித்தார்கள். வாயை மூடியிருக்க வேண்டும். உம்மா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பா. பாட்டு மனதில் சூடாக இருந்ததால் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன்.

"தம்பி, முதல்ல ஒரு விசயம். உங்கட பொஞ்சாதிட குரல் இருக்கே, அதைப் போல ஒண்டு இந்தக் கரையில நான் கேட்டதில்ல. அதுக்கு மேல ஒரு சாமானும் ஏத்தாதீங்க. முதல் அடி வெறும் குரல். ரெண்டாவது அடிக்குக் கீபோட்ல ஒரேயொரு சுரத்தைப் பிடிச்சு மெல்லமா வச்சிருங்க, காணும். ரிதம் கடைசிச் சரணத்துக்கு வந்தாச் சரி. எக்கோவைக் குறைங்க, கிணத்துக்க விழுந்து பாடுற மாதிரி இருக்கு. கடல் சத்தம் என்னத்துக்கு? அதுக்குத்தான் கடல் இருக்கே. 'சொல்' எண்ட இடத்தில அவ நிக்கிறா பாருங்க, அதில கைவைக்காதீங்க. அதுக்குப் பின்னால பிள்ளை கதைக்கிற சத்தம் கேக்குது, அதையும் வெட்டாதீங்க. அதுதான் பாட்டே."

பாங்கு முடியப் போகும்போது நான் மற்ற விசயத்துக்கு வந்தேன்.

"பிறகு ரெண்டாவதா ஒரு ஆம்பிளைக் குரல் வருது. அது உங்கட எண்டு விளங்குது. கோவிக்க வேணாம். ச்சு, அந்தக் குரல் வேணாம். சுருதியில நிக்கல்ல. கேக்கிறவன் எழும்பிப் போயிருவான். எடுத்திருங்க. அன்னம்மாவுக்கு இதையா குடுக்கிறது?"

அனுப்பிவிட்டுத் தொழப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பதில் வந்திருந்தது. "நன்றி நானா, பார்த்துச் செய்கிறேன்." பக்கத்தில் கும்பிடும் கை ஒன்று. கோபித்துக்கொள்ளாமல் எடுத்துக்கொண்டானே, பரவாயில்லை என்று நினைத்தேன். சொன்னதைக் கேட்க ஒரு ஆளாவது இருக்கிறானே என்ற நினைப்பில் எனக்கு மனம் குளிர்ந்துதான் இருந்தது.

திருநாள் வந்தது. தலவிலையில் அந்த நாட்களில் மணலில் கால் வைக்க இடம் இருக்காது. ஒவ்வொரு கரையாரும் கொட்டில் போட்டு, பாய், சட்டி, பிள்ளை குட்டியோடு வந்து தங்குவார்கள். அவனுடைய கரையாரின் கொட்டிலுக்கு ஸ்பீக்கர் என்னுடையது. காலையில் வயர் இழுத்துப் பொருத்தி மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. அவன் பெரிய பூ விழுந்த சேட்டோடு வந்து பென்டிரைவைத் தந்தான். கொட்டிலுக்குப் பொறுப்பானவர் மைக்கைப் பிடித்து, அன்னையின் திருநாளுக்கு எங்கள் கரையின் காணிக்கை, எழுதியதும் இவர், இசையமைத்ததும் இவர், பாடியதும் இவர் என்று அவன் தோளில் தட்டினார்.

பாடியதும் இவர் என்றதும் எனக்குச் சாடையாக விளங்கியது. பிளேயை அழுத்தினேன்.

கடல் அலை இல்லை. மணி இல்லை. ரிதம் கடைசிச் சரணத்தில்தான் வந்தது. எக்கோவும் அளவாக இருந்தது. நான் சொன்ன திருத்தம் எல்லாம் அச்சொட்டாகச் செய்திருந்தான். அவள் மட்டும் இல்லை. முதலிலிருந்து கடைசி வரைக்கும் அவனே பாடினான். 'என் பிள்ளை வாயில் ஒரு சொல் வை தாயே.' அந்தச் 'சொல்'லுக்கு முன்னால் அவள் நின்றதைப் போலவே நின்றான், எண்ணிவிட்டு நின்றதைப் போல. அந்த இடத்தில் பிள்ளையின் சத்தமும் இல்லை. என்னுடைய ஸ்பீக்கரில், என்னுடைய வயரில், அந்தக் கழுதைக் குரலைத் தலவில முழுக்கக் கேட்க வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்திருந்தேன். சத்தத்தை இறக்கினேன். அவன் மெல்ல வந்து, "கொஞ்சம் கூட்டுங்க நானா, பின்னுக்குக் கேக்கல்லயாம்" என்றான்.

"உங்கட பொஞ்சாதிட குரல் எங்க?" என்று கேட்டேன்.

"அவ பாட விருப்பமில்ல எண்டுட்டா. பொம்பிளையளுக்கு வெக்கம்தானே நானா" என்றான். கண் வெட்டவில்லை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "மற்றப்படி நீங்க சொன்ன திருத்தமெல்லாம் செய்தன். பாத்தீங்களா?"

கொட்டிலுக்குப் பின்னால் பெண்கள் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அங்கே இருந்தாள். பூசைக்குப் போட்ட முக்காடு இன்னும் தலையில் இருந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி, உண்மையாகவே வெட்கப்படுகிற பெண்தான் போல என்று நானும் நம்பினேன். முட்டாள் நான், வேறென்ன.

திருநாள் முடிந்து சில வாரம் போயிருக்கும். புத்தளத்தில் என் மனைவிக்கு மூத்த ராத்தா வீட்டுக்குக் கருவாடு வேண்டும் என்றார்கள். அந்தக் கரையில் நல்ல கட்டாக் கருவாடு கிடைக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். கருவாடு காயும் தட்டுகளுக்கு நடுவில் அவள்தான் நின்றாள். தட்டுக்குக் கீழே நிழலில் அந்தப் பிள்ளை உட்கார்ந்து ஒரு பூனையின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் என் மனைவியோடு நன்றாகக் கதைத்தாள். "இதை எடுங்க ராத்தா, இது நேத்துப் போட்டது, உப்புப் பதம்" என்று தெரிந்து தெரிந்து எடுத்துக் கொடுத்தாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மனைவி பக்கத்தில் நிற்கிறாள், இனி எந்த ஊர் வாய்க்குப் பயம்? "தங்கச்சி, அந்தப் பாட்டில உங்கட குரலை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

கருவாட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது. "இதை நீங்க கேக்கிறீங்களா நானா?" என்றாள். "நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னனா? ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லல்ல. நீங்கதான் சொன்னீங்க. உங்கட வாயால."

கையைத் துடைத்துக்கொண்டு, மீன் படாமல் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தாள். பைக்குள் வைத்தபடியே அழுத்தினாள். என் குரல் வந்தது.

"தம்பி, முதல்ல ஒரு விசயம். உங்கட பொஞ்சாதிட குரல் இருக்கே. ச்சு, அந்தக் குரல் வேணாம். சுருதியில நிக்கல்ல. கேக்கிறவன் எழும்பிப் போயிருவான். எடுத்திருங்க. அன்னம்மாவுக்கு இதையா குடுக்கிறது?"

அவ்வளவுதான் இருந்தது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இந்தச் சென்மத்தில் மறக்கமாட்டேன். ஒரு நொடி அவளும் நம்பிவிட்டாள். அது என் குரல், என் 'ச்சு', என் நீட்டு. நானே நான்தான் சொன்னேன் என்று நம்பியிருப்பேன். என்னை எரிச்சல்படுத்தியது இன்னொன்று. வெட்டு நன்றாக இருந்தது. அந்தப் பாட்டில் ஒரு இடத்தைக்கூட உருப்படியாக ஒட்டத் தெரியாதவன், இதை மட்டும் மயிரிழை தெரியாமல் ஒட்டியிருந்தான். அவனுக்குக் கை வருவது இதற்குத்தான்.

"இன்னொருக்காப் போடுங்க" என்றேன். போட்டாள். இந்த முறை என் குரலை விட்டுவிட்டுப் பின்னால் இருந்ததைக் கேட்டேன். தூரத்தில் பாங்கு. முதல் 'அல்லாஹு அக்பர்' சொன்ன முஅத்தின், சாட்சியும் சொல்லாமல், தொழ வாருங்கள் என்றும் அழைக்காமல், ஒரே தாவலில் கடைசி அடிக்குப் போய்விட்டார். நடுவில் உள்ளதெல்லாம் இல்லை. எந்த முஸ்லிம் பிள்ளையும் கேட்ட உடனே சொல்லிவிடும். அவனுக்குப் பாங்கு தெரியாது, பின்னால் இருக்கும் வெறும் சத்தம் என்று நினைத்து ஒட்டிவிட்டான்.

"தங்கச்சி, இதை வெட்டி ஒட்டியிருக்கு. பாங்கைக் கேளுங்க. நடுவில இல்ல" என்றேன்.

"எனக்கு உங்கட பாங்கு தெரியாதே நானா" என்றாள்.

நான் என் போனைத் திறந்தேன். அவனுக்கு அனுப்பியது அப்படியே இருந்தது. அழுத்தி அவள் கையில் கொடுத்தேன். பாங்கு தொடங்கியது, நான் பேசத் தொடங்கினேன். இந்தக் கரையில் நான் கேட்டதில்லை என்றேன். அதற்கு மேல் ஒரு சாமானும் ஏற்றாதீர்கள் என்றேன். பிள்ளை கதைக்கிற சத்தத்தை வெட்டாதீர்கள், அதுதான் பாட்டே என்றேன். அவள் அசையாமல் நின்று கேட்டாள். ஆண் குரல் வேண்டாம் என்ற இடம் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்ததைப் போல இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. முடிந்ததும், "முதல்ல சொன்னதை மட்டும் இன்னொருக்காப் போடுங்க" என்றாள். அதை மட்டும் போட்டேன்.

"இவர் இதைச் சொல்லேல்ல" என்றாள். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். அன்று பின்னேரம் அவன் வந்து அந்த வொய்ஸைப் போட்டுக் காட்டியிருக்கிறான். நான் சொல்லல்ல, தொழில் தெரிஞ்ச மனுசன் சொல்றார் என்றிருக்கிறான். அன்னம்மாளுக்குக் கூடாத சாமானைக் கொடுத்துப் பிள்ளையின் பேச்சு திரும்பப் போய்விட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. சட்டி கழுவும்போது தன்னை அறியாமல் ஏதாவது முணுமுணுத்தால்கூட, உள்ளேயிருந்து அவன் அந்த வொய்ஸைப் பெரிதாகப் போடுவானாம். பகிடிக்குத்தானாம். போட்டுவிட்டுச் சிரிப்பானாம். அவள் கேட்டு வாங்கித் தன்னுடைய போனிலும் வைத்திருந்தாள், பாட ஆசை வந்தால் தானே போட்டுக் கேட்பதற்கு.

அவன் முன்னால் வந்திருந்தால் கருவாட்டுத் தடியால் அடித்திருப்பேன். அவனுக்கு என் வாயால் விழுந்த அடியை ஒரு துளி சிந்தாமல் இவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். நேரே இவளுக்கு அனுப்பியிருந்தால் ஒரு பாங்கு நேரத்தில் முடிந்திருக்கும் விசயம். முறையாம் முறை. மண்ணாங்கட்டி முறை.

"நேத்தி போயிட்டுதே ராத்தா" என்று அவள் என் மனைவியிடம் சொன்னாள். "என்ட குரலைத் தாறன் எண்டு சொல்லிப்போட்டு அவர்ட குரலைக் குடுத்தாச்சு. அன்னம்மா என்ன நினைச்சிருப்பா?"

என் மனைவி கருவாட்டுப் பையை மணலில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "இப்ப பாடுங்க புள்ள. இங்கயே பாடுங்க. உங்கட அன்னம்மாக்குத் திருநாளுக்கு மட்டுமா காது கேக்கும்? நாங்க ரெண்டு பேரும் சாட்சி. பாடுங்க."

அவள் எங்களைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், தட்டுக்குக் கீழே இருந்த பிள்ளையைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். வாரக் கணக்கில் பாடாத தொண்டை, முதல் சொல் கரகரத்தது, இரண்டாவது சொல்லில் பிடித்துக்கொண்டது. அதே குரல். அறைக்குள் பூட்டிக்கொண்டு நான் கேட்ட குரல், ஒரு சாமானும் மேலே இல்லாமல், வெறும் காற்றில். 'என் பிள்ளை வாயில் ஒரு' என்று வந்து, அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றாள்.

தட்டுக்குக் கீழேயிருந்து பிள்ளை நாக்கால் ஒரு 'ச்சு' போட்டது.

"அந்தக் குரல் வேணா...ம்" என்றது. "எடுத்திருங்க. அன்னம்மாவுக்கு இதையா குடுக்கிறது?"

என் தொனி. என் நீட்டு. ஒரு எழுத்துப் பிசகவில்லை. சொல்லிவிட்டுப் பூனையின் வாலை மறுபடி பிடித்துக்கொண்டது. பொல்லாப்பு ஒன்றும் அதன் முகத்தில் இல்லை. அம்மா பாடத் தொடங்கினால் இதைத்தான் சொல்வது என்று அந்த வீட்டில் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். என் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

அவள் பாட்டைத் தொடரவில்லை. குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, முகத்தில் சிரிப்பும் இருந்தது.

"பாத்தீங்களா நானா," என்றாள். "எவ்வளவு வடிவாக் கதைக்கிறாள்."